சும்மா நிற்கக் கூடாத ஒரு நிமிடம்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அபெலார்டோ அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் டாக்டர் எலோயிசா அவர்களே, நம்மை விட்டுப் பிரிந்த டோனா ஜுலெய்டேயின் மகள் மார்லுசே அவர்களே, எதிரே கட்டுப் போட்ட காலோடும் கட்டுப் போட வேண்டிய காலோடும் கூடியிருக்கும் மரேபாய்ஷா பேட்டைப் பெருமக்களே, கடைசி வரிசையில் பித்தளைக் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சும் என் வாத்தியக் குழுத் தம்பிகளே! உங்கள் எல்லோருக்கும் அடெமாரின் வணக்கம்.

ஏழாம் நாள் பூசை முடிந்துவிட்டது. இந்தக் கூட்டத்தை ஒரு நிமிட மௌன அஞ்சலியோடு தொடங்கலாம் என்று ஃபாதர் சொன்னார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஃபாதர், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். ஏன் என்று அப்போது சொல்கிறேன். நான் டிராம்போன் ஊதுகிறவன். எனக்கு மூச்சு நீளம், பேச்சும் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை யாருக்கெல்லாம் முன்னால் காலி நாற்காலி இருக்கிறதோ, அவர்கள் தயவுசெய்து காலைத் தூக்கி அதன் மேல் போடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். இந்தக் கூட்டத்தில் அதுதான் மரியாதை!

டோனா ஜுலெய்டே கவல்கான்டி யார்? நர்ஸ் என்று வெளியே மாட்டிய பலகை சொல்கிறது. அது போதுமா? ஓய்வு பெற்ற பிறகு ஃபாதரிடம் இந்தக் கோயில் மண்டபத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கி, புதன்கிழமை தவறாமல் நம் கால்களைக் கழுவி, துடைத்து, விரல் இடுக்கு வரை ஈரம் ஒற்றி, கட்டுப் போட்டவர் என்று சொல்லலாம். அதுவும் போதாது. வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்த கால்களை வெளியே கொண்டு வந்தவர் அவர். நம் பேட்டையில் கால்வாயும் கொசுவும் யாருக்குத்தான் தெரியாது? யானைக்கால் எத்தனை வீட்டில் இருந்தது என்று யாருக்காவது தெரியுமா? தெரியாது! ஏனென்றால் பெண்கள் கொளுத்தும் வெயிலில் கணுக்கால் மறைக்கும் பாவாடை கட்டினார்கள். ஆண்கள் வாசலுக்கே வரவில்லை. ஆறாத புண் இருந்தவர்கள் பூசைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாற்றம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமோ என்று பயந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போனார்கள்.

நானும் அப்படித்தான். என் இடது கால் எனக்கே அடங்காமல் வீங்கிக் கிடந்தது. கார்னிவல் ஊர்வலத்தில் ஃப்ரேவோ இசைத்துக்கொண்டு நடக்க வேண்டியவன், வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்குத் தாளம் தப்புகிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டோனா ஜுலெய்டே ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார்.

"ஏன் தம்பி, அவங்களத் திட்டறியே, நீ வந்து ஊதவேண்டியதுதானே?"

"காலு சரியில்லக்கா."

"ஊதறது வாயிதானே?"

"ஊதிக்கிட்டே நடக்கணுமேக்கா!"

"அதத்தான் நானும் சொல்றேன். நடக்கணும். வா, புதன்கிழம."

போனேன். முதலில் அவர் என் காலைத் தொடவில்லை. காலின் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் அந்தச் சின்னக் கருவியைப் பாதத்தில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். "ம், ஓடுது" என்றார். ரத்தம் சரியாகப் போகாத காலை இறுக்கினால் கால் செத்துவிடும். அதைக் கேட்காமல் அவர் ஒரு துணியைக்கூடப் பிரித்ததில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டர் எலோயிசாவிடம் அனுப்பிவிடுவார். டாக்டரும் சந்தேகம் வந்தால் இவரைக் கூப்பிடுவார். இருவரும் போனில் கத்திக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததைக் கேட்டதில்லை.

பஞ்சு சுற்றி, அதன் மேல் பேண்டேஜ் சுற்றி முடித்ததும் நான் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி நாற்காலியைத் தேடினேன். அவர் நாற்காலியை இழுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார்!

"எங்க உக்கார்ற? நட."

"கட்டுப் போட்டா ஓய்வெடுக்க வேணாமாக்கா?"

"இது எலும்பு ஒடஞ்சதுக்குப் போட்ட கட்டா? நீ நடந்தாத்தான் உன் சதை உள்ளருந்து அழுத்தும், துணி வெளியருந்து அழுத்தும், நடுவுல மாட்டின தண்ணி மேல ஏறும். நடக்கலன்னா இது வெறும் துணி. எனக்குத் துணி மிச்சம்."

அன்றிலிருந்து அந்த அறையில் இரண்டே சட்டம். உட்கார்ந்தால் காலைத் தூக்கு. நின்றால் குதிகாலைத் தூக்கு. சும்மா தொங்கப் போடுவதும் சும்மா நிற்பதும் குற்றம்! பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக் கடை வரிசையில், வங்கி வாசலில் நம் பேட்டைக்காரர்கள் குதிகாலை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி நிற்பதைப் பார்த்து மற்ற பேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அப்படித்தான் நம் கார்னிவல் குழுவும் பிறந்தது. பெயர் என்ன? 'காலைத் தூக்கு'! கட்டோடு வராதவருக்குக் குழுவில் இடமில்லை என்று சட்டம் போட்டவர் யார்? டோனா ஜுலெய்டே! மூன்று தெருவைக் கடக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஊர்வலம் ரெசிஃபே நகரத்தில் நம்முடையது ஒன்றுதான். ஆனால் நடக்கிறோம். நான் ஊதிக்கொண்டே நடக்கிறேன்!

அவர் பிடிவாதத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு தேர்தல் சமயம். வேட்பாளர் ஒருவர் பெட்டி பெட்டியாக இறுக்கக் காலுறை கொண்டு வந்து சதுக்கத்தில் இறக்கினார். எல்லாம் ஒரே அளவு. ஏழைகளின் கால்களுக்குத் தம் அன்புப் பரிசு என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். ஜனங்கள் கூடிவிட்டார்கள். நானும்தான் முண்டியடித்தேன். டோனா ஜுலெய்டே வந்தார். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். இன்னொரு பெட்டி மேல், நம்மைப் போலவே வீங்கிக் கட்டுப் போட்டிருந்த தன் காலைத் தூக்கிப் போட்டார்.

வேட்பாளரின் ஆள் ஒருவர் ஓடி வந்தார். "அம்மா, எந்திரிங்க, போட்டோ எடுக்கணும்."

"எடு. நல்லா எடு. என் காலு தெரியணும்."

"சாமான் கீழ இருக்கும்மா."

"தெரியும். அதுக்குத்தான் மேல உக்காந்திருக்கேன். உன் தலைவருக்குச் செருப்பு எடுக்கப்போனா அளவு கேப்பானா மாட்டானா கடைக்காரன்? மெல்லிசுக் காலுக்கு இது வழுக்கி முட்டிக்குக் கீழ சுருண்டு நிக்கும். தடிச்ச காலை இது நெரிக்கும். ரத்தம் ஓடாத காலுல இதப் போட்டா அந்தாளு உன் தலைவருக்கு ஓட்டுப் போடறதுக்கு ஒத்தக் காலுல வருவாரு. பரவால்லையா?"

வேட்பாளரே வந்து கெஞ்சினார். எழுந்திருக்கவில்லை! வெயில் ஏறியது. யாரோ குடை பிடித்தார்கள், யாரோ இளநீர் கொடுத்தார்கள். மாலைக்குள் அந்தச் சதுக்கத்திலேயே மேசை போட்டு, அளவு நாடா எடுத்து, டாக்டர் எலோயிசாவையும் வரவழைத்து, பொருந்தின காலுக்கு மட்டும் கொடுத்தார். மிச்சத்தை மாற்றி வேறு அளவில் கொண்டு வந்து தரும் வரை அந்த வேட்பாளரின் ஆளைத் தெருவில் எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் பிறகு நம் பேட்டை வழியாக வருவதையே விட்டுவிட்டார் பாவம்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதுதான் இன்று நான் பேச எழுந்ததன் காரணம்.

டோனா ஜுலெய்டேக்கு ஒரு வழக்கம். உனக்குக் கட்டுப் போட வேண்டுமா? முதலில் இன்னொருவர் காலுக்கு நீ கட்டுப் போடக் கற்றுக்கொள். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் கற்றோம். நம் நண்டுக்கார லோரிவால் கற்ற கதை எல்லோருக்கும் தெரியும். லோரிவால், தலை குனியாதே! நண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டுவதில் இந்த ஆற்றங்கரையிலேயே இவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கை, முதல் நாள் என்ன செய்தது? காலையும் நண்டுபோலவே கட்டிவிட்டது! அவிழாமல் இருக்க வேண்டுமென்று மேலே, முட்டிக்குக் கீழே, பலமாக இறுக்கி முடிந்துவிட்டார். கணுக்காலில் இறுக்கம் அதிகமாக, மேலே போகப் போகக் குறைவாக இருக்க வேண்டிய கட்டு. இவர் தலைகீழாகப் போட்டார். அந்தக் கால் யாருடைய கால்? நம் டால்வனீராவின் கால்!

மரவள்ளி மாவு அடையும் தேங்காய்த் துருவலும் விற்கும் டால்வனீராவை அறியாதவர் இங்கே இல்லை. வருடக்கணக்காக ஆறாத புண். வாடை வந்து வாடிக்கையாளர் விலகிப் போகிறார்கள் என்று, காற்று ஆற்றுப் பக்கம் அடித்தால் கடையை இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கமும் நகர்த்தி நகர்த்தி வைத்த மனுஷி. அந்தக் கட்டோடு வீட்டுக்குப் போனவர் அரை மணியில் விரலெல்லாம் நீலம் பாய்ந்து திரும்பி வந்தார். வந்து போட்ட சத்தத்தில் ஃபாதர் பூசையை நிறுத்திவிட்டு ஓடி வந்தாரா இல்லையா?

"யோவ் நண்டு! என் காலு என்ன சந்தைக்கா போவுது? கோத்து வச்சிருக்க!"

"அவுந்துடக் கூடாதுன்னுதான் தாயே..."

"உன் புத்திதான்யா அவுந்துபோச்சு!"

டோனா ஜுலெய்டே கட்டைப் பிரித்தார். நகத்தை அழுத்தி, விட்டு, சிவப்பு திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகு லோரிவாலைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "லோரிவால், இது நண்டு இல்ல. ஓடிப்போகாது. இத ஓட வைக்கத்தான் கட்டறோம்."

அன்று டால்வனீரா சபதம் போட்டார். ஜுலெய்டே அக்கா கையைத் தவிர இன்னொரு கை என் காலில் படக் கூடாது என்று. அக்காவின் கையில் அந்தப் புண் சுருங்கியது. உள்ளங்கை அளவு இருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. இந்தக் கார்னிவலுக்கு நம் குழுவின் கொடியை டால்வனீராதான் பிடிக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். கொடியின் விளிம்புக்கு டால்வனீரா சரிகை தைத்துக்கொண்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, மார்லுசே காபியோடு போனபோது, டோனா ஜுலெய்டே நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலியில் தூக்கிப் போட்டபடியே போயிருந்தார். போகும்போதும் காலைத் தொங்கப் போடவில்லை, நண்பர்களே! மறுநாள் புதன்கிழமை அடக்கம். அறை பூட்டிக் கிடந்தது. அதற்கு முந்தைய புதன்கிழமை போட்ட கட்டு டால்வனீரா காலில் இன்னும் இருக்கிறது. தளர்ந்து, நனைந்து இருக்கிறது. பூசையில் டாக்டர் எலோயிசா பார்த்துவிட்டுப் பிரிக்கக் கை நீட்டினார். டால்வனீரா காலை இழுத்துக்கொண்டார். "அழுகினா அழுகட்டும். அவ கை இல்ல, அவ்ளோதான்."

இன்னொரு பக்கம் சுகாதார அலுவலகம் என்ன சொல்கிறது? இனி நர்ஸ் இல்லை, ஆகவே அறையும் இல்லை, இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நில்லுங்கள் என்கிறது. வரிசையில் நில்லுங்களாம்! நம்மிடம் போய்! டாக்டர் எலோயிசா போய் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு ஒரு வழி வாங்கி வந்திருக்கிறார். கட்டப் பழகிய கை இங்கே இருந்தால் பேண்டேஜ் வரும். மாதம் ஒரு புதன்கிழமை டாக்டரே வந்து ரத்த ஓட்டம் கேட்பார், புண்ணைப் பார்ப்பார். ஆனால் ஒருவர் காலை இன்னொருவர் கையில் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். தயாராக இல்லையென்றால் அந்த அறையில் நம் பேட்டைச் சங்கத்து நாற்காலிகளை அடுக்கி வைக்கலாம்.

டால்வா, இப்போது நான் உன்னிடம்தான் பேசுகிறேன். எல்லோரும் கேட்கட்டும்.

அடக்கத்தன்று சவப்பெட்டியில் அக்காவின் கால் தெரிய வேண்டும் என்று மார்லுசே பூக்களை விலக்கி வைத்தார். கட்டு அப்படியே இருந்தது. விரலிலிருந்து முட்டி வரை ஒரு சுருக்கம் இல்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடி, ஒரே சீராக. நீ குனிந்து அந்தக் கட்டை முத்தமிட்டாய். "இந்தக் கட்டு இனிமே யாருக்கு வரும்? இவளோட போச்சு" என்று நீ அழுததை நான் பின்னால் நின்று கேட்டேன்.

டால்வா, அது அவர் போட்ட கட்டு இல்லை.

இடுப்பு வளையாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது அவருக்கு. மேசை மேல் வைத்த உன் காலுக்கு அவர் கை எட்டியது. தன் காலுக்கு எட்டவில்லை. விடியற்காலை, ஆற்றிலிருந்து வரும் வழியில், கையை இரண்டு முறை எலுமிச்சையும் சோப்பும் போட்டுக் கழுவிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் போய் அவர் காலுக்குக் கட்டுப் போட்டு வந்தது யார்?

லோரிவால்! நம் லோரிவால்! மார்லுசே, சரிதானே? பாருங்கள், தலையாட்டுகிறார்.

நேற்று ஒத்திகை முடிந்து லோரிவால் என்னிடம் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார். "டால்வாவுக்குத் தெரிஞ்சா அக்கா காலுல இருக்கற கட்டையும் அவுத்துப் போட்டுடுவான்னு அக்காவே சிரிப்பாங்க. அவ கொடியத் தூக்கினப்புறம் நானே சொல்லிக்கறேன்னாங்க. அதுக்குள்ள போயிட்டாங்க" என்றார். லோரிவால், மன்னித்துக்கொள். அக்கா சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன். ரகசியம் காப்பது எனக்கு வராது, ஊதத்தான் வரும்.

டால்வா, நீ முத்தமிட்டது இவர் கையை. டோனா ஜுலெய்டே நம் எல்லோர் காலையும் தன் கையில் வாங்கினார். தன் காலை யார் கையில் கொடுத்தார்? உன் விரலை நீலமாக்கியவர் கையில் கொடுத்தார்! அவருக்கா ஆள் தெரியாது? அவருக்கா கட்டுத் தெரியாது?

என்ன? சத்தமாகச் சொல், டால்வா. பின்னால் கேட்கவில்லை.

கேட்டீர்களா? "நாளைக்குக் காலைல நண்டு நாத்தத்தோட வந்தான்னா ஒதைப்பேன்" என்கிறார்! லோரிவால், என்ன சொல்கிறாய்? "நாளைக்கு ஆத்துக்கே போகல" என்கிறார். ஃபாதர், சாவி யாரிடம் இருக்கிறது? உங்களிடமா? கொடுங்கள் இப்படி. டாக்டர், நாளை வருகிறீர்களா? வருகிறார்!

அப்படியென்றால் இந்தக் கூட்டத்தின் முன் நம் சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். நாளை புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு அந்தக் கதவு திறக்கும். அடுத்த புதன்கிழமையும் திறக்கும். ரத்த ஓட்டம் கேட்காமல் எந்தக் காலையும் கட்ட மாட்டோம். கழுவாத காலைக் கட்ட மாட்டோம். கட்டிய காலை உட்கார விட மாட்டோம்! கார்னிவல் சனிக்கிழமை 'காலைத் தூக்கு' குழு தெருவில் இறங்கும். கொடியை டால்வனீரா பிடிப்பார். மூன்று மணி நேரம் ஆனாலும் சரி, ஆறு மணி நேரம் ஆனாலும் சரி!

இப்போது ஃபாதர் கேட்ட அந்த ஒரு நிமிடம்.

ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்று இப்போது புரிகிறதா? டோனா ஜுலெய்டே பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் சும்மா நிற்கச் சொன்னால் அவர் நம்மை மன்னிப்பாரா? சும்மா நிற்கும் காலில்தானே தண்ணி இறங்கும்? அதைத்தானே வாழ்நாளெல்லாம் திட்டினார்? எனவே எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். டால்வா, நீயும். லோரிவால் தோள்தான் பக்கத்தில் இருக்கிறது, அதையே பிடி. பேச்சு வேண்டாம், வாத்தியம் வேண்டாம். நிமிடம் முடியும் வரை யாரும் நிறுத்த வேண்டாம்.

எல்லோரும் எழுந்தாயிற்றா?

நம் டோனா ஜுலெய்டேக்காக... குதிகாலைத் தூக்குங்கள்!